பேரு பெத்த பேரு... வாட்டு எவ்வளவு சாரு?

மக்களே, தலைப்பைப் பார்த்துட்டு மின்வாரியத்தைத் திட்டப்போறேன்னு நினைச்சுடாதீங்க. அது வேற கச்சேரி, இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம். இன்னிக்கு நான் சண்டைக்கு நிக்கிறது, கேமிங் லேப்டாப்புல உள்ளங்கை வைக்கிற இடத்துல ஒட்டியிருக்கே ஒரு குட்டி ஸ்டிக்கர், அதோட. "ஆர்டிஎக்ஸ் 4060", "ஆர்டிஎக்ஸ் 5060" அப்படின்னு பச்சைக் கலர்ல மினுக்கிக்கிட்டு இருக்குமே, அதேதான்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். லேப்டாப்பைப் பொறுத்தவரைக்கும் அந்த ஸ்டிக்கர்ல இருக்கிறது வெறும் பேரு. அது அளவு இல்லை. அளவைச் சொல்லாம பேரை மட்டும் சொல்லி ஒரு லட்ச ரூபாயை ஒட்டி விக்கிறது, எடைக்கல்லைக் காட்டாம அரிசி நிறுக்கிற மாதிரி. இதை வியாபார சாமர்த்தியம்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும், நான் ஏமாத்து வேலைன்னுதான் சொல்லுவேன்.

எங்க ஊர் கீரனூர். பழனி பக்கத்துக் கீரனூர் இல்லைங்க, திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவுல இருக்கிற கீரனூர். குளத்தூர் தாலுகாவுக்குத் தலைநகரம் எங்க ஊர்தான்னு நாங்க கொஞ்சம் கெத்தாவே சொல்லிக்குவோம். ஊர்ல தைலமரமும் கடலைக்காடும் போர்வெல்லும் உண்டு. நார்த்தாமலைக் குன்று கண்ணுக்கெட்டின தூரத்துல உண்டு. கேமிங் லேப்டாப்பை வரிசையா அடுக்கி வச்சு விக்கிற பெரிய கடை மட்டும் கிடையாது. அதுக்குத் திருச்சிக்குப் பஸ் ஏறணும். பிளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜ் சேர்க்கை ஆரம்பிச்சா போதும், தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாரும் நம்மகிட்ட கேக்குற ஒரே கேள்வி, "அண்ணே, 4050 வாங்கலாமா, 4060 வாங்கலாமா? 5050 வந்திருச்சாமே, அது எப்படி?"

இந்தக் கேள்விக்கு நேரா பதில் சொல்லவே முடியாதுங்கிறதுதான் இந்தப் பதிவு.

மோட்டாரும் கிராபிக்ஸ் கார்டும்

எங்க பக்கத்து விவசாயிக்கு கிராபிக்ஸ் கார்டைப் புரிய வைக்கிறது ரொம்ப சுலபம். போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கப் போறாரு. என்ன கேப்பாரு? கம்பெனி பேரை மட்டும் கேட்டுட்டு காசை எண்ணி வைப்பாரா? எத்தனை எச்பி, சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, எத்தனை அடி ஆழத்துல இருந்து தண்ணி தூக்கும், எவ்வளவு தண்ணி கொட்டும்... இத்தனையும் மோட்டார் மேல ஒரு தகட்டுல அடிச்சிருக்கும். அந்தத் தகடு இல்லாத மோட்டாரை அவர் தொடக்கூட மாட்டாரு. சந்தையில மாடு பிடிக்கப் போனாலே பல்லைப் பிடிச்சுப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்க்கிற ஊரு இது.

லேப்டாப் கிராபிக்ஸ் சில்லுக்கு எச்பி மாதிரி இருக்கிறது வாட். அந்தச் சில்லுக்கு அதிகபட்சம் எத்தனை வாட் மின்சாரம் ஊட்டலாம்னு லேப்டாப் தயாரிக்கிற கம்பெனி முடிவு பண்ணுது. கவனிங்க, சில்லு செய்யுற என்விடியா ஒரு எல்லைதான் சொல்லும். அந்த எல்லைக்குள்ள எங்கே நிக்கிறதுன்னு முடிவு பண்றது லேப்டாப் கம்பெனி. சரி, அந்த எல்லை எவ்வளவு பெருசு?

ஆர்டிஎக்ஸ் 4050, 4060 ரெண்டுக்கும் லேப்டாப்புல 35 வாட்டுல இருந்து 115 வாட் வரைக்கும். 5050-க்கு 35-ல இருந்து 100 வரைக்கும். 5060-க்கு 45-ல இருந்து 100 வரைக்கும். 5070-க்கு 50-ல இருந்து 100 வரைக்கும்.

இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. அதே பேரு, அதே ஸ்டிக்கர், அதே பச்சைக் கலர். ஒண்ணு 35 வாட்டுல மூச்சு வாங்கும், இன்னொண்ணு 115 வாட்டுல பறக்கும். மூணு மடங்குக்கும் மேல வித்தியாசம். வேகமும் அப்படியே மூணு மடங்கு மாறும்னு நான் சொல்லலை. 4060-ல நூறு வாட்டைத் தாண்டினதுக்கு அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் ஏறுற வேகம் சொற்பம்தான். ஆனா கீழ்ப்பக்கம், 35-க்கும் 80-க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் கண்ணால பார்த்தாலே தெரியும். வாட் குறைவான 4060-ஐ முழு வாட் கிடைக்கிற 4050 முந்திட்டுப் போறது சர்வ சாதாரணம். அப்போ 4060 வாங்கினவன் கூடுதலா கொடுத்த காசு எதுக்குங்க? ஸ்டிக்கருக்கா?

ஒரு காலத்துல நேர்மை இருந்துச்சு

இது ஒரே ராத்திரியில நடந்த கூத்து இல்லை. கொஞ்சம் பழைய கதையைப் புரட்டுவோம்.

முன்னாடியெல்லாம் லேப்டாப் சில்லுக்குப் பின்னாடி 'எம்'னு ஒரு எழுத்து இருக்கும். ஜிடிஎக்ஸ் 980-ன்னா மேசைக் கணினிக்கு, 980எம்-ன்னா லேப்டாப்புக்கு. முதல்லதுல 2,048 கோர், ரெண்டாவதுல 1,536. எம்-னு பார்த்ததுமே "இது கொஞ்சம் இளைச்சது"ன்னு வாங்குறவனுக்குத் தெரிஞ்சிடும்.

2016-ல ஜிடிஎக்ஸ் 10 வரிசை வந்தப்போ அந்த எம்-ஐத் தூக்கிட்டாங்க. அன்னிக்கு அது நியாயமாத்தான் இருந்துச்சு. லேப்டாப் 1060-லயும் 1,280 கோர், மேசைக் கணினி 1060-லயும் 1,280 கோர். லேப்டாப் 1070-ல 2,048 கோர், மேசைக்காரனுக்கு 1,920 தான். பேரு ஒண்ணு, சரக்கும் ஏறக்குறைய ஒண்ணு. கைதட்டலாம்.

அடுத்து 2017-ல 'மேக்ஸ்-க்யூ'ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. மெலிசான லேப்டாப்புக்காக வாட்டைக் குறைச்ச சில்லு. அதுவும் பரவாயில்லை, பேர்லயே குறிப்பு இருக்கே. மேக்ஸ்-க்யூன்னா மெதுவானதுன்னு தெரிஞ்சே வாங்கலாம்.

2018-ல எம்எக்ஸ்150-ன்னு ஒரு சின்னச் சில்லுல குட்டு வெளிப்பட்டுச்சு. அதே பேர்ல ரெண்டு வகை. ஒண்ணு 25 வாட், இன்னொண்ணு 10 வாட். பெட்டியில வித்தியாசமே கிடையாது. லேப்டாப்பைத் திறந்து மென்பொருளைப் போட்டுச் சோதிச்சாத்தான் தெரியும். விமர்சகர்கள் போட்டு உடைச்சதுக்கு அப்புறம்தான் உலகத்துக்கே தெரிஞ்சுது.

இதுல பாடம் படிச்சாங்களா? 2021 ஜனவரியில ஆர்டிஎக்ஸ் 30 வரிசை லேப்டாப்புக்கு வந்தப்போ, மேக்ஸ்-க்யூங்கிற அடையாளத்தையே பேர்ல இருந்து எடுத்துட்டாங்க. மெதுவானதும் வேகமானதும் ஒரே பேர்ல கடைக்கு வந்துச்சு. எல்லாரும் கத்தினதும், "லேப்டாப் கம்பெனிங்க அவங்கவங்க இணையப் பக்கத்துல வாட் விவரத்தைப் போடணும்"னு என்விடியா சொல்லுச்சு. கவனிங்க, இணையப் பக்கத்துல. பெட்டி மேலயோ ஸ்டிக்கர்லயோ கடைச் சீட்டுலயோ இல்லை.

இது போதாதுன்னு பேரும் கைமாறிப் போச்சு. 2025-ல வந்த 5070-ஐ எடுத்துக்குங்க. மேசைக் கணினியில 6,144 கோர், 12 ஜிபி மெமரி. லேப்டாப்புல 4,608 கோர், 8 ஜிபி. பேரு ரெண்டுக்கும் 5070 தான். உச்சாணிக் கொம்புல இருக்கிற 5090 இன்னும் மோசம். மேசையில 21,760 கோர், 575 வாட். லேப்டாப்புல 10,496 கோர், 150 வாட் சொச்சம். பாதிக்கும் கீழ. 'லேப்டாப் ஜிபியு'ன்னு பின்னாடி ஒரு வால் ஒட்டுறாங்க, இல்லேன்னு சொல்லலை. கடை விளம்பரத்துல அந்த வாலை யார் படிக்கிறா?

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். இது என்விடியா மட்டும் பண்ற சேட்டை இல்லை. இன்டெல் பல வருஷம் ஐ7-னு பேர் வச்சு ரெண்டே கோர் இருக்கிற லேப்டாப் சில்லை வித்துச்சு (ஐ7-7500யு ஞாபகம் இருக்கா?), அதே தலைமுறை மேசை ஐ7-ல நாலு கோர். ஏஎம்டி 2022-ல ரைசன் 5 7520யு-ன்னு புத்தம் புதுப் பேர்ல, 2019-ல வந்த ஜென் 2 வடிவமைப்பைக் கட்டிக் கொடுத்துச்சு. எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைங்கதான்.

திருச்சிக் கடையில ஒரு நாள்

போன வருஷம் எங்க தெருத் தம்பி ஒருத்தனுக்கு லேப்டாப் வாங்கக் கூடப் போயிருந்தேன். இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். கேமும் ஆடுவான், பிளெண்டர்ல முப்பரிமாணப் படமும் போடுவான். அப்பா கடலை வெள்ளாமை. கையில 85,000 ரூபாய். அது எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க, வீட்டுல ஒரு ஜோடி வளையல் இல்லை, அவ்வளவுதான். அந்த 85,000-ல ஜிஎஸ்டி மட்டுமே 18 சதவீதக் கணக்குல ஏறக்குறைய 13,000 ரூபாய்ங்கிறதையும் மனசுல வச்சுக்குங்க. ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு இருக்கிற காசு அது.

கடையில நல்ல வரவேற்பு. ஏசி, ஜூஸ், "வாங்க சார், உக்காருங்க சார்". விற்பனைத் தம்பி நேரா ஒரு மெலிசான லேப்டாப்பை எடுத்து வச்சான். "இது 4060 சார். இந்த ரேட்ல இதுக்கு மேல கிடையாது."

பையனோட அப்பா என் பக்கம் திரும்பினாரு. "ஏந் தம்பி, மோட்டார்னா எத்தனை எச்பின்னு கேப்போம். இதுல என்னத்தக் கேக்கணும்?"

"எத்தனை வாட்டுன்னு கேளுங்கண்ணே."

கேட்டாரு. விற்பனைத் தம்பி கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னான் பாருங்க ஒரு பதில்: "வாட்டா சார்? கரண்ட்டெல்லாம் ரொம்பக் கம்மியாத்தான் இழுக்கும், கவலைப்படாதீங்க!"

சிரிச்சுடாதீங்க. அந்தத் தம்பியைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. மாசச் சம்பளத்துக்கு நிக்கிற பையன். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. அவன் கையில இருக்கிற அட்டையில கிராபிக்ஸ்னு போட்டு "ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி" மட்டும்தான் அடிச்சிருக்கு. மேலாளரைக் கூப்பிட்டான், அவருக்கும் தெரியலை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அதிகபட்ச விலை இருக்கு, இறக்குமதி பண்ணினவர் விலாசம் இருக்கு, மாசம் வருஷம் இருக்கு. எதுக்காக அந்த லேப்டாப்பை வாங்குறோமோ அந்த ஒரு எண் இல்லை.

சரின்னு சார்ஜரை எடுக்கச் சொன்னேன். அடியில 20 வோல்ட், 6 ஆம்பியர்னு போட்டிருந்துச்சு. பத்தாம் வகுப்பு இயற்பியல்தான், பெருக்குங்க: 120 வாட். திரை, பிராசசர், விசிறி எல்லாத்துக்கும் இதுல இருந்துதான் போகணும். அப்புறம் கிராபிக்ஸ் சில்லுக்கு என்ன மிஞ்சும்? என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து பார்த்தா அதிகபட்சம் 45 வாட்.

பக்கத்துல கேட்பாரற்றுக் கிடந்த தடிமனான ஒரு 4050 லேப்டாப்பைக் காட்டச் சொன்னேன். சார்ஜர் 20 வோல்ட், 8.5 ஆம்பியர். 170 வாட். கண்ட்ரோல் பேனல் 95 வாட்னு சொல்லுச்சு. விலை 7,000 ரூபாய் கம்மி. அதையே வாங்கி, மிச்சப்பட்ட காசுல இன்னொரு ராம் குச்சி போட்டோம். 4060-ல மெமரி 8 ஜிபி, இதுல 6 ஜிபி தான். அந்த ஒரு விஷயத்துல இது கீழேதான், பையனுக்கும் அதைச் சொல்லித்தான் வாங்கினோம். முழு விவரமும் தெரிஞ்சு அவனே எடுத்த முடிவு அது. நான் கேக்குறதும் அவ்வளவுதான்.

வர்ற எதிர்க்கட்சி வாதங்கள்

இதைச் சொன்னா உடனே நாலு பேர் நாலு விதமா கிளம்புவாங்க. ஒவ்வொருத்தரா பார்ப்போம்.

"இணையப் பக்கத்துல போட்டிருக்காங்களே, பார்த்துட்டு வாங்க வேண்டியதுதானே?" - ஐயா, போட்டிருக்காங்க. எப்படிப் போட்டிருக்காங்க? அடியில, சின்ன எழுத்துல, நட்சத்திரக் குறிக்குப் பின்னாடி. சிலர் 140 வாட்னு போடுவாங்க, அதுல 25 வாட் பிராசசர் பங்குல இருந்து தேவைப்படும்போது கடன் வாங்குறது. ஒரே மாடல் பேர்ல நாலு உட்பிரிவு, ஒவ்வொண்ணுக்கும் பத்து எழுத்துல ஒரு குறியீடு. கடலை விவசாயி அதைத் தேடிப் படிச்சுட்டு வரணும்ங்கிறீங்களா? அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்ல எத்தனை கிராம்னு போட்டிருக்கு. ஃபிரிட்ஜுலயும் ஏசியிலயும் நட்சத்திர முத்திரை ஒட்டி, வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு கண்ணுல அடிக்கிற மாதிரி போடணும்னு சட்டமே இருக்கு. ஏசிக்கு முடியுறது லேப்டாப்புக்கு முடியாதா?

"மெலிசான லேப்டாப்புல அதிக வாட் கொடுத்தா சூடாகிடும், அதான் குறைக்கிறாங்க." - ரொம்பச் சரி. எனக்கு அதுல சண்டையே இல்லை. தோள்ல மாட்டிக்கிட்டு பஸ்ல போற பொண்ணுக்கு ஒன்றரைக் கிலோ லேப்டாப்பும் 45 வாட்டும் போதும்னா அது அவங்க இஷ்டம், நல்ல தேர்வும்கூட. சித்திரை வெயில்ல எங்க ஊர் ஓட்டு வீட்டுக்குள்ள 115 வாட் சில்லு என்ன பாடு படும்னு எனக்கும் தெரியும். குறைச்சது குத்தம் இல்லை. குறைச்சதை மறைச்சதுதான் குத்தம். பால்ல தண்ணி கலந்து "தண்ணிப் பால்"னு எழுதி வித்தா யாரும் கேக்கப்போறதில்லை.

"படிக்கிற பையனுக்கு எதுக்குங்க கேமிங் லேப்டாப்பு?" - வந்துட்டாங்கய்யா வாத்தியாருங்க. 2011-ல தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தை ஆரம்பிச்சப்போவும் இதே பேச்சுதான். "படம் பார்ப்பானுங்க, கேம் ஆடுவானுங்க." ஆடினானுங்கதான். அந்த லேப்டாப்புல ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடின பசங்களை எங்க ஊர்லயே எனக்குத் தெரியும், அவங்கள்ல சிலர் இன்னிக்கு மென்பொருள் கம்பெனியில உக்காந்திருக்காங்க. கேம் ஆடுறது பாவம் இல்லை. அதோட அதே கிராபிக்ஸ் சில்லுதான் பிளெண்டருக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கும் ஓடுது. பையன் என்ன பண்றான்ங்கிறது வேற விவாதம். அவன் எதுக்கு வாங்கினாலும், கொடுத்த காசுக்குச் சொன்ன சரக்கு கிடைக்கணுமா இல்லையா?

"பேசாம மேசைக் கணினி வாங்கச் சொல்லுங்க." - காசுக்கேத்த வேகம்னு பார்த்தா நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா ஹாஸ்டல்ல எங்கே வைப்பான்? தினமும் பஸ்ல போய் வர்றவன் காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு எதைத் தூக்கிட்டுப் போவான்? கரண்ட் போனா என்ன பண்ணுவான்? இருக்கப்பட்டவனுக்கு மேசையில ஒண்ணு, மடியில ஒண்ணு. இல்லாதவனுக்கு எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணுல கிராபிக்ஸ் சில்லு போர்டோட பத்த வச்சு வருது. மேசைக் கணினி மாதிரி அடுத்த வருஷம் கழட்டி மாத்த முடியாது. அதனாலதான் வாங்குற அன்னிக்கே உண்மை தெரியணும்னு தொண்டை கிழியக் கத்துறேன்.

அரசாங்கம் வாங்குற விதம்

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. 2025-26 பட்ஜெட்ல தமிழக அரசு ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது கைக்கணினி தர்றதா அறிவிச்சுது. அரசாங்கம் இதை எப்படி வாங்கும்? ஒப்பந்தப்புள்ளியில பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், பேட்டரி, திரைன்னு வரி வரியா எழுதி, அதுக்குக் கம்மியா இருந்தா கிடையாதுன்னு சொல்லித்தான் வாங்கும். அதாவது மொத்தமா வாங்குறவனுக்கு அளவைச் சொல்றாங்க. சில்லறையா, வளையலை வச்சு வாங்குறவனுக்கு ஸ்டிக்கரை மட்டும் காட்டுறாங்க. இதுல எது நியாயம்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 என்ன சொல்லுதுன்னா, பொருளோட தரம், அளவு, திறன், விலை எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிறது நுகர்வோரோட உரிமை. திறன்! வாட் அதுக்குள்ள வராம வேற எதுக்குள்ள வரும்? அதே சட்டம் முக்கியமான தகவலை வேணும்னே மறைக்கிற விளம்பரத்தையும் தவறான விளம்பரம்னுதான் சொல்லுது. என் வாதம், 45 வாட் சில்லை வாட் சொல்லாம "4060"-னு மட்டும் விளம்பரம் பண்றது இந்த வரையறைக்குள்ள வரணும்ங்கிறதுதான். யாராவது வக்கீல் நண்பர்கள் இருந்தா வரிஞ்சு கட்டிக்கிட்டு வாங்க. 1915-ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ல தமிழ்லயும் பேசலாம். அஞ்சு லட்சத்துக்குள்ள இருக்கிற பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. லேப்டாப் எல்லாம் அதுக்குள்ளதான் அடங்கும்.

வாங்கப் போறவங்களுக்கு

திட்டிட்டு மட்டும் போனா நல்லா இருக்காது. அதனால உருப்படியா கொஞ்சம்:

1. முதல்ல என்ன ஆடப்போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. வேலரன்ட் மட்டும்தான்னா அது இன்டெல் எச்டி 4000 மாதிரி பழைய உள்ளமை கிராபிக்ஸ்லயே தவழும். கொஞ்சம் நல்ல உள்ளமை கிராபிக்ஸ்ல நல்லாவே ஓடும். தனிச் சில்லே தேவைப்படாம போகலாம்.

2. பேரைக் கேட்ட அடுத்த நொடி வாட்டைக் கேளுங்க. சொல்லத் தெரியலைன்னா சார்ஜரைப் பாருங்க. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்க. 120-க்குக் கீழன்னா உஷார். 170, 200-க்கு மேலன்னா நம்பிக்கை வைக்கலாம்.

3. கடையில ஓடுற மாதிரி வச்சிருந்தா, என்விடியா கண்ட்ரோல் பேனல், அதுக்குள்ள சிஸ்டம் இன்ஃபர்மேஷன். அதிகபட்ச கிராபிக்ஸ் பவர்னு ஒரு வரி இருக்கும். ஒரு நிமிஷ வேலை.

4. மெமரி: 2050, பழைய 3050 எல்லாம் 4 ஜிபி. இன்னிக்குத் தேதிக்குப் புது கேமுக்குப் பத்தாது. 6 ஜிபி ஒப்பேத்தும். 8 ஜிபி நிம்மதி. 5050, 5060 ரெண்டுலயும் 8 ஜிபி இருக்கு.

5. ராம் ஒரே குச்சியா இருந்தா இன்னொண்ணு போட இடம் இருக்கான்னு பாருங்க. ரெண்டு குச்சியா இருந்தா பல கேம் சட்டுன்னு வேகமாகும். இதை எந்த ஸ்டிக்கரும் சொல்லாது.

6. செயற்கை நுண்ணறிவு படிக்கத்தான் பெரிய சில்லுன்னா அவசரப்படாதீங்க. கூகுள் கோலாப்ல 16 ஜிபி மெமரி இருக்கிற டி4 சில்லு இலவசமா, காலியா இருக்கும்போது கிடைக்குது. ஆரம்பப் பாடத்துக்கு அது தாராளம்.

கடைசியா நம்ம ஆளுங்களுக்கு

பதிவுலக நண்பர்களே, இது உங்களுக்கு. நாமளும் இந்தக் கூத்துல பங்காளிங்கதான். "50,000-க்கு 3050 எடு, 80,000-க்கு 4060 எடு, லட்ச ரூபாய்க்கு 5060 எடு"ன்னு பட்டியல் போட்டு எழுதுற பதிவு எத்தனை! "4060 சூப்பர், 4050 சுமார்"னு ஒத்தை வரியில தீர்ப்பு சொல்ற அண்ணாச்சிங்க எத்தனை பேர்! வாட் எழுதாத ஒவ்வொரு பட்டியலும் அந்தப் பச்சை ஸ்டிக்கருக்குச் சும்மா ஓட்டிக் கொடுக்கிற விளம்பரம். கம்பெனிக்காரன் காசு வாங்கிட்டு மறைக்கிறான், நாம காசு வாங்காம மறைக்கிறோம். யார் பெரிய ஏமாளி?

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். இனிமே லேப்டாப் பத்தி யார் எழுதினாலும் சில்லு பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள வாட்டைப் போட்டு எழுதுங்க. 4060 (45), 4060 (100), இப்படி. தெரியலைன்னா "கம்பெனி சொல்லலை"ன்னு எழுதுங்க. அதுவும் ஒரு தகவல்தான், கம்பெனிக்கு உறைக்கிற தகவல். பத்து பேர் எழுதினா நூறு பேர் கடையில கேப்பாங்க. நூறு பேர் கேட்டா விற்பனைத் தம்பி மேலாளர்கிட்ட கேப்பான், மேலாளர் கம்பெனிக்காரன்கிட்ட கேப்பாரு. மோட்டார்ல எச்பி தகடு வந்தது யாரும் பெரிய மனசு பண்ணினதால இல்லை. அது இல்லாம ஒருத்தனும் வாங்க மாட்டான்னு ஆனதாலதான்.

கேளுங்க, கொடுக்கப்படும்னு சொல்லமாட்டேன். கேட்டாத்தான் கொடுப்பானுங்க.

வர்ட்டா?

டிஸ்கி: நான் எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்லை, எந்தக் கம்பெனியும் எனக்கு லேப்டாப் அனுப்பலை. அனுப்பினா வாட் பார்த்துட்டுத்தான் பெட்டியைப் பிரிப்பேன் :-)